புள்ளிகள் ஏன் மதுரையோடு நின்றுவிட்டன?

வாசகர் கேள்விகள் – பதில்கள்

கேள்வி: "நாடெங்கும் கிளைகள்" என்று விளம்பரம் செய்யும் ஓர் எடைக்குறைப்பு நிறுவனத்தின் கையேடு, நாகர்கோவிலில் நடந்த ஒரு பொருட்காட்சியில் எனக்குக் கிடைத்தது. அதிலுள்ள இந்திய வரைபடத்தில் தில்லி, மும்பை, பெங்களூரு, ஐதராபாத் நகரங்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் மொய்க்கின்றன. தமிழ்நாட்டிலோ சென்னை, கோவை, மதுரையோடு அவை நின்றுவிடுகின்றன. குமரி மாவட்டத்தில் குண்டானவர்களே இல்லை என்று நினைத்துவிட்டார்களா? நான் திருவனந்தபுரம் கிளையில் சேரலாமா? (ஒரு வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: கையேட்டின் நகலையும் அனுப்பியிருந்தீர்கள். மதுரைக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த இடத்தில் திருவள்ளுவர் சிலையை வரைந்து நிரப்பியிருக்கிறார்கள். கிளை இல்லாவிட்டாலும் சிலையாவது கிடைத்ததே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம்.

எடை மிகுந்த இடத்தைத் தேடித்தான் கிளைகள் வரும் என்றால், அந்த வரைபடம் வேறு மாதிரி இருந்திருக்கும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் உடல்நிறைக் குறியீட்டெண் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையை மதிப்பிடும் பி.எம்.ஐ.) 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள், அதாவது எடை மிகுந்தவர்கள், தில்லியில் 41.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு, கேரளத்தில் 38.1 விழுக்காடு. நாட்டின் சராசரி 24 விழுக்காடுதான். தில்லிக்கும் நமக்கும் ஒரு விழுக்காடுகூட வேறுபாடு இல்லை. மறுபுறம், இதே கணக்கில் 11.9 விழுக்காடு மட்டுமே கொண்ட ஜார்க்கண்டின் தலைநகரான ராஞ்சிக்கு அந்தக் கையேட்டில் ஒரு புள்ளி இருக்கிறது. ஆகவே அந்தப் புள்ளிகள் காட்டுவது உடல் எடையை அல்ல. பணம் கட்டக்கூடியவர்கள் ஒரே நகரில் எத்தனை பேர் திரண்டிருக்கிறார்கள் என்பதையே அவை காட்டுகின்றன.

இந்தத் தொழிலின் கணக்கு அப்படிப்பட்டது. கடைத்தெருவில் இடத்துக்கு வாடகை, கருவிகளுக்குப் போட்ட முதல், மருத்துவர், உணவு ஆலோசகர், சிகிச்சைப் பணியாளர்கள் ஆகியோரின் சம்பளம் என மாதந்தோறும் நிலையான செலவு இருக்கிறது. வருகிறவர்களோ சில மாதப் பேக்கேஜ் முடிந்ததும் போய்விடுவார்கள். பல் மருத்துவரிடம் போவதுபோல் ஆயுள் முழுவதும் வந்துகொண்டிருக்க மாட்டார்கள். எனவே அரைமணி நேரத்தில் வந்து சேரக்கூடிய தூரத்தில் புதியவர்கள் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதனுடன், இத்தகைய நிறுவனங்கள் பெருநகரில் பிறந்து, மேற்பார்வைக்கு வசதியாக அதே நகரின் புறப்பகுதிகளில் முதலில் பெருகுவது வழக்கம். இத்துறையில் நாடறிந்த பெயரான விஎல்சிசி 1989இல் தில்லியில்தான் தொடங்கப்பட்டது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்து மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தினர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம் நமக்குத்தான். காகிதத்தில் பார்க்கும் முதலீட்டாளருக்கு நாக்கில் நீர் ஊறும். ஆனால் அந்த நகர்ப்புறம் எப்படிப்பட்டது என்பது களியக்காவிளையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் வந்தவர்களுக்குத் தெரியும். குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஓர் ஊர் முடியுமுன்னே அடுத்த ஊர் தொடங்கிவிடுகிறது. உள்ளே கருங்கல், குளச்சல், திருவட்டாறு என்று பேரூர்களும் நகராட்சிகளும் நூலில் கோத்த மணிகளாகக் கிடக்கின்றன. அன்றைய கணக்கில் மாவட்டத்தின் 18.70 இலட்சம் பேரில் நாகர்கோவில் நகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ 2.25 இலட்சம் பேர் மட்டுமே. மதுரை மாநகராட்சியிலோ பத்து இலட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஊரெல்லாம் நகரமாக இருந்தும் பெருநகரம் ஒன்று இல்லாத மாவட்டம் நம்முடையது.

இன்னொரு காரணத்துக்கு நீங்களே சாட்சி. கல்யாணப் புடவைக்கும் பெரிய மருத்துவமனைக்கும் மாவட்டத்தின் மேற்குப் பகுதியினர் திருவனந்தபுரம் போவது, 1956க்கு முன் நாம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்திலிருந்து வரும் பழக்கம். உங்களைப் போன்றவர்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால், நிறுவனத்தின் பேரேட்டில் குமரி மாவட்டத்து வருமானம் திருவனந்தபுரம் கிளையின் கணக்கில் ஏறிவிடும். பிறகு இங்கே கடை திறக்க அவர்களுக்கு என்ன அவசரம்?

நீங்கள் சேரலாமா என்பதற்கு என் பதில்: வாரம் ஒரு முறை நேரில் வரச் சொல்லும் திட்டமாக இருந்தால் வேண்டாம். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் என்றாலும், பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலைக் கடந்து போய்த் திரும்புவதற்குள் அரை நாள் கரைந்துவிடும். மூன்றாவது வாரம் மழை பெய்யும், நான்காவது வாரம் வீட்டில் விருந்தினர் இருப்பார்கள். கட்டிய பணம் மட்டும் அங்கே இருக்கும். உணவுப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தலைமையகத்தில் அச்சடித்த பட்டியலில் பெரும்பாலும் பன்னீர், ரொட்டி, ஓட்ஸ்தான் இருக்கும். சாளை மீன் குழம்பும் மட்ட அரிசிச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் புழங்கும் வீட்டில் அந்தப் பட்டியல் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியபடியே பழுத்துப்போகும். சாளை மீன் உங்களுக்கு எதிரியல்ல. மாவுச்சத்தே மிகுந்த மரச்சீனியின் அளவையும், குழம்பில் அரைத்து விடும் தேங்காயின் அளவையும் பற்றிப் பேசத் தெரிந்த ஆலோசகர் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கிடைத்தால், அவரே உங்களுக்கு மேல். அதற்குமுன் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். எடை ஏறியதற்குத் தைராய்டு குறைவு காரணமாக இருந்தால், எந்தக் கிளையின் கருவியும் அதைத் தீர்க்காது.

கேள்வி: எங்கள் ஊரில் கிளை எடுத்து நடத்தும்படி இத்தகைய ஒரு நிறுவனம் என்னை அழைக்கிறது. குமரி மாவட்டத்தின் முதல் கிளை என்ற பெருமை கிடைக்கும் என்கிறார்கள். முதலீடு செய்யலாமா? (ஒரு வாசகர், தக்கலை)

பதில்: பெருமை உங்களுக்குக் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை; நட்டமும் உங்களுக்கே கிடைக்கக்கூடும். பெருநகரங்களில் சொந்தக் கிளைகளை வைத்துக்கொண்டு சிறு ஊர்களுக்குப் பிரான்சைஸ் கொடுப்பது, புள்ளிகளை மலிவாகப் பெருக்கும் வழி. பெயர்ப் பலகை அவர்களுடையது; வாடகையும் சம்பளமும் உங்களுடையவை; வருமானத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். மருத்துவ சிகிச்சை அளிக்கும் இடமாக இருந்தால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997இன் கீழ்ப் பதிவும் உங்கள் பொறுப்பே.

காலமும் சாதகமாக இல்லை. ஆஸ்திரேலியாவில் 1983இல் தொடங்கி அமெரிக்காவெங்கும் பரவிய ஜென்னி கிரேக் நிறுவனம் 2023இல் அங்கிருந்த மையங்களை மூடிவிட்டது. எடைக் குறைப்புக்கு உதவும் மவுஞ்சாரோ ஊசி மருந்து 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. பக்கவிளைவுகள் உள்ள அந்த மருந்தைத் தகுந்த மருத்துவரின் சீட்டும் கண்காணிப்பும் இல்லாமல் தொடக்கூடாது. ஆனால் வணிகமாகப் பார்த்தால், அதற்குக் கிளை தேவையில்லை. தக்கலையில் உள்ள மருந்துக்கடையே போதும். கிளை திறக்கும் யோசனையைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள் என்பதே என் கருத்து.

கேள்வி: சென்னைக் கிளையில் முழுப் பேக்கேஜுக்கும் பணம் கட்டிய பிறகு என் மகளுக்கு நாகர்கோவிலுக்கு மாற்றலாகிவிட்டது. "எந்தக் கிளையிலும் தொடரலாம்" என்று சொன்னவர்கள், இப்போது திருவனந்தபுரம் கிளை வேறு உரிமையாளருடையது என்று கைவிரிக்கிறார்கள். வழக்குப் போடுவதென்றால் சென்னைக்குத்தான் அலைய வேண்டுமா? (ஒரு வாசகர், வடசேரி)

பதில்: வேண்டியதில்லை. வரைபடத்தில் ஒரே நிறத்தில் தெரியும் புள்ளிகளின் பின்னால் வெவ்வேறு முதலாளிகள் இருப்பதன் விளைவுதான் இது. "எந்தக் கிளையிலும்" என்ற உறுதி இரசீதிலோ கையேட்டிலோ அச்சாகியிருந்தால் அதன் நகலை வைத்து, பயன்படுத்தாத பகுதிக்குரிய தொகையைத் திருப்பித் தரும்படி முதலில் பதிவுத் தபாலில் எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். அதன் பிறகும் பணம் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். உங்கள் மகள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கட்டும்; கிளை திறக்க வராத நிறுவனம் பதில் சொல்லவாவது இங்கே வரட்டும்.