60 இலக்க எண்ணின் காரணிகளைத் தேடும் என் பைத்தான் நிரல் மூன்று நாளாக ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கே தவறு?

முதலில் நிரலை நிறுத்துங்கள். அதில் பிழை எதுவும் இருக்காது. 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்க்கும் வழிதான் 60 இலக்கத்துக்குச் சரிப்படாது. வர்க்கமூலம் வரை போக வேண்டும், அதுவே 30 இலக்கம். நொடிக்கு ஒரு கோடி முறை வகுத்தாலும் அண்டத்தின் வயதைப் போல ஏறக்குறைய லட்சம் மடங்கு ஆகும். மூன்று நாளில் திருவிழாவுக்குக் காப்புகூடக் கட்டியிருக்காது.

அடுத்து, அது பகு எண்தானா என்று பார்த்தீர்களா? சிரிக்காதீர்கள். கல்லூரியில் 25 இலக்க எண் ஒன்றை வைத்துக்கொண்டு நானும் இதே வேலையைச் செய்தேன். விடுதி அறையில் லேப்டாப் நான்கு நாள் ஓடியது. கரண்ட் போய்விடுமோ என்று பயந்து பயந்து தூங்கினேன். கடைசியில் அறைத்தோழன் எட்டிப் பார்த்து, “டேய், அது பகா எண்ணான்னு முதல்ல பாத்தியா?” என்றான். பார்த்தேன். பகா எண்தான். எண் பகா எண்ணா என்று பார்க்கும் மில்லர்-ராபின் சோதனைக்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

பகு எண் என்று தெரிவது வேறு, காரணி தெரிவது வேறு. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். 2002இல் கான்பூர் ஐஐடியில் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் பகா எண் சோதனைக்குப் புது வழி கண்டபோது, பெரிய எண்ணின் காரணியைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதை நம்பியிருக்கும் வங்கிப் பாதுகாப்பே போயிற்று என்று சிலர் அலறினார்கள். அந்தச் சோதனை காரணியைக் கண்டுபிடித்துத் தராது. 2^67−1 பகா எண் அல்ல என்று லூகாஸ் 1876இலேயே காட்டிவிட்டார். அதன் காரணிகளை (193707721 × 761838257287) கோல் 1903இல்தான் கண்டுபிடித்தார். இன்றைக்கும் 2^1048576+1 என்ற எண் பகு எண் என்று தெரியும், ஆனால் ஒரு காரணிகூட யாருக்கும் அகப்படவில்லை.

சரி, உங்கள் எண் பகு எண் என்றே வைத்துக்கொள்வோம். எண் எவ்வளவு பெரியது என்பதைவிட, அதன் சின்னக் காரணி எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள். சின்னக் காரணி 15, 16 இலக்கம் என்றால் பொல்லார்டின் ரோ முறை (1975) போதும். ஒரு எண்ணை எடுத்து, வர்க்கப்படுத்தி, 1 கூட்டி, உங்கள் எண்ணால் (அதை N என்போம்) வகுத்து மீதியை வைத்துக்கொள்கிறோம். வந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்துகிறோம், இப்படியே போகிறோம். ஒளிந்திருக்கும் காரணி p என்றால், ஏறக்குறைய √p அடிகளில் p ஆல் வகுக்க ஒரே மீதி தரும் இரண்டு எண்கள் வந்துவிடும். அவற்றின் வித்தியாசத்துக்கும் N க்கும் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) எடுத்தால் p வெளியே வந்துவிடும். p என்னவென்று தெரியாமலே பிடித்துவிடுகிறோம், அதுதான் இதில் எனக்குப் பிடித்தது. 1980இல் பிரென்ட்டும் பொல்லார்டும் 2^256+1 என்ற 78 இலக்க எண்ணிலிருந்து 16 இலக்கக் காரணியை இந்த வழியில்தான் எடுத்தார்கள்.

அதைவிடப் பெரிய காரணி என்றால் லென்ஸ்ட்ராவின் நீள்வட்ட வளைவரை முறை. ஆனால் உங்கள் எண் இரண்டு 30 இலக்கப் பகா எண்களின் பெருக்கலாக இருந்தால், நேராகச் சல்லடைக்குப் போய்விடலாம். பொமரன்ஸ் 1981இல் கொண்டுவந்த இருபடிச் சல்லடையைத்தான் சொல்கிறேன். அதன் உயிர்நாடியைத் தாளிலேயே பார்த்துவிடலாம்.

1817ஐ எடுத்துக்கொள்வோம். 43² − 1817 = 32. 47² − 1817 = 392. இரண்டும் தனித்தனியாக வர்க்க எண்கள் அல்ல. ஆனால் 32 என்பது 2^5, 392 என்பது 2^3 × 7². பெருக்கினால் 2^8 × 7², அதாவது 112². அந்தப் பக்கம் 43 × 47 = 2021, 1817ஐக் கழித்தால் 204. ஆக 204², 112² இரண்டும் 1817 ஆல் வகுத்தால் ஒரே மீதி தரும். 204 − 112 = 92. 92க்கும் 1817க்கும் மீ.பொ.வ. 23. முடிந்தது: 23 × 79.

பெரிய எண்ணுக்கு இப்படி ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் சமன்பாடுகள் சேர்க்க வேண்டும். எவற்றைப் பெருக்கினால் எல்லா அடுக்குகளும் இரட்டைப்படை ஆகும் என்று 0, 1 மட்டும் கொண்ட அணியை வைத்துக் கணக்கிடுவார்கள். சில சமயம் மீ.பொ.வ. 1 என்றோ N என்றோ வந்து கையை விரிக்கும். வேறு சேர்க்கையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

1977இல் ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறியீட்டு முறையை உருவாக்கிய ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூவரும், 129 இலக்க எண் ஒன்றால் பூட்டிய ரகசியச் செய்தியைச் சவாலாக வைத்து 100 டாலர் பரிசு அறிவித்தார்கள். அந்த எண்ணை உடைக்க, அதாவது காரணிகளைக் கண்டுபிடிக்க, கோடானுகோடி வருடம் ஆகும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். 17 வருடத்தில், 1994 ஏப்ரலில் உடைந்துவிட்டது. உடைத்தது இந்தச் சல்லடையின் ஒரு வகைதான். சுமார் 600 தன்னார்வலர்கள், 1600 கணினிகள், எட்டு மாதம். வெளியே வந்த ரகசியச் செய்தி, எளிதில் அருவருப்படையும் எலும்புண்ணிக் கழுகு ஒன்றைப் பற்றிய அர்த்தமில்லாத வாக்கியம். அதற்குமேல் பெரிய எண்களுக்கு இன்னும் வேகமான எண் புலச் சல்லடை என்ற முறையின் ராஜ்ஜியம்: 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண்ணை உடைத்தார்கள், ஒரு பிராசசர் கோர் 2700 வருடம் ஓடும் அளவு வேலை. வங்கித் தளங்களில் புழங்கும் 2048 பிட் எண் 617 இலக்கம், அதன் பக்கம் யாரும் போகவில்லை.

உங்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. பாரி/ஜிபி என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டு அந்த எண்ணைக் கொடுங்கள். பாரி என்ற பெயருக்குக் குறை வைக்காமல், 60 இலக்கம் என்றால் ஒரு நிமிடத்துக்குள் கேட்டதைக் கொடுத்துவிடும். 90, 100 இலக்கம் என்றால் யாஃபு என்ற மென்பொருள்.

நிரலை நீங்களே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ரோவை எழுதுங்கள், இருபது வரிகூட வராது. ஒவ்வொரு அடியிலும் மீ.பொ.வ. எடுக்காமல், நூறு வித்தியாசங்களைப் பெருக்கிவைத்து ஒரே தடவை எடுங்கள். அப்புறம், மூன்று நாள் வீண் என்று வருத்தப்பட வேண்டாம். நொடிக்கு ஒரு கோடி என்ற கணக்கில் பார்த்தால், இரண்டரை லட்சம் கோடிக்குக் கீழே அந்த எண்ணுக்குக் காரணியே இல்லை என்று உங்கள் நிரல் இதற்குள் நிரூபித்திருக்கும்.