கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: லாரி மோதி என் கணவர் (38) இறந்துவிட்டார். கொத்தனார், சம்பளச் சீட்டு கிடையாது. இரண்டு சிறு பிள்ளைகள். லாரித் தரப்பினர் 5 லட்சத்துக்குச் சமரசக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

பதில்: போடாதீர்கள், அம்மா. மாத வருமானம் 15,000 ரூபாய் என்று, இழப்பீட்டை முடிவு செய்யும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் ஏற்றால், எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000. அவருடைய சொந்தச் செலவு மூன்றில் ஒரு பங்கு போக 14,000, ஆண்டுக்கு 1,68,000. இந்த ஆண்டுத் தொகையை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; அவர் வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 15. ஆக 25,20,000 ரூபாய்! ஈமச்செலவு தனி. மாமியாரும் அவரை நம்பி வாழ்ந்தவர் என்றால் மனுவில் சேருங்கள்; நம்பி வாழ்ந்தவர்கள் நான்கு பேரானால் சொந்தச் செலவுக் கழிவு நான்கில் ஒன்றுதான்.

வருமானத்துக்கு மேஸ்திரியின் சாட்சியம், நலவாரிய அட்டை உதவும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழுடன் நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.