பிரான்சின் போர்தோ நகரம் இருப்பது கரோன் ஆற்றங்கரையில்தானே, அதன் மாவட்டத்துக்கு மட்டும் ஏன் ஜிரோந்த் என்று பெயர்?

போர்தோவுக்கு முதல்முறை போனபோது எனக்கும் இதே குழப்பம். வரைபடத்தில் ஜிரோந்த் எங்கே உற்பத்தியாகிறது என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை, கிடைக்கவும் கிடைக்காது.

ஸ்பெயின் பக்கத்துப் பிரனீஸ் மலையிலிருந்து வரும் கரோனும், கிழக்கேயிருந்து வரும் தோர்தோன் ஆறும் போர்தோவைத் தாண்டிச் சற்று வடக்கே கலக்கின்றன. அங்கிருந்து கடல்வரை சுமார் 75 கி.மீ. நீளும் கழிமுகத்துக்குத்தான் ஜிரோந்த் என்று பெயர். கடல் பக்கம் அகலம் 12 கி.மீ. வரைகூடப் போகிறது. கரோன் என்பதே வாய்வழியில் திரிந்து ஜிரோந்த் ஆனது என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியானால் பாவம் தோர்தோன், தண்ணீர் கொடுத்தும் பெயரில் பங்கில்லை!

1790இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு பழைய மாகாணங்களைக் கலைத்துவிட்டு, மாவட்டங்களுக்குப் பெரும்பாலும் ஆறு, மலைகளின் பெயரைச் சூட்டியது. போர்தோ மாவட்டத்துக்குக் கழிமுகத்தின் பெயர் வந்தது அப்படித்தான். ஆனால் அந்தப் பெயரே கொஞ்ச நாளில் வம்பாகிவிட்டது. வெர்ஞோ, குவாதே போன்ற இந்த மாவட்டத்து நாடாளுமன்றப் பிரதிநிதிகள் முன்னணியில் இருந்ததால் அவர்கள் அணிக்கு ஜிரோந்தின் என்று பெயர். 1793இல் அந்த அணி வீழ்ந்தது. அக்டோபரில் வெர்ஞோ உட்படப் பலரின் தலை கில்லட்டினில் போனது. ஆட்களை ஒழித்தது போதாதென்று மாவட்டத்தின் பெயரையும் மாற்றினார்கள். இரண்டு ஆறுகளும் கலக்கும் நிலமுனையின் பெயரான 'பெக் தாம்பெஸ்' 1795 வரை மாவட்டத்தின் பெயராக இருந்தது. பெக் என்றால் அலகு. வரைபடத்தில் பார்த்தால் புரியும், பறவையின் மூக்கேதான்.

அப்புறம், இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் உள்ள திராட்சைத் தோட்டப் பகுதியின் பெயர் ஆந்த்ர் தூ மேர், அதாவது 'இரு கடல்களுக்கு நடுவே'. கடலே இல்லையே என்று நானும் சிரித்தேன். போர்தோவின் கல் பாலத்தருகே ஒரு சாயங்காலம் நின்றபோதுதான் விஷயம் பிடிபட்டது. மழைக்காலத்து ஏரி மாதிரிக் கலங்கிய தண்ணீரில் ஒரு மரக்கிளை மிதந்துவந்தது, கடல் பக்கத்திலிருந்து மலைப் பக்கமாக! கடல் ஏற்றமான ஓதம் வந்தால் கடலிலிருந்து கிட்டத்தட்ட 100 கி.மீ. உள்ளேயும் ஆறு பின்னோக்கி ஓடும். தோர்தோனில் அது ஒரே அலையாக எழும்பி வரும் நாட்களும் உண்டு. அந்த அலைக்கு மஸ்கரே என்று பெயர், அதில் பலகைச் சவாரி செய்யவே ஆட்கள் வருகிறார்கள்.

கழிமுகத்தின் வடகரையில் பெரும்பகுதி வேறு மாவட்டம். அதன் பழைய பெயர் ஷராந்த் ஆன்ஃபேரியர். ஷராந்த் ஆற்றின் 'கீழ்ப்' பகுதி என்ற பொருளில் வைத்தது, 'மட்டமான' என்றும் காதில் விழும். 1941இல் அதைக் 'கடல்சார்' ஷராந்த் என்று மாற்றிவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கைபேசி வழிகாட்டியில் வெறுமனே 'ஜிரோந்த்' என்று போடாதீர்கள். நான் போட்டேன். போர்தோவுக்குத் தென்கிழக்கே ஜிரோந்த் சுர் த்ரோ என்ற கிராமத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. கழிமுகம் நேரெதிர்த் திசையில்.