பில்லைக் குறைக்கப் பேரம் பேசலாமா? – கேள்வி பதில்

மாதாந்திர பில்கள் பற்றி வந்த கடிதங்களைச் சுருக்கி, இந்த முறை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

ஏழு வருஷமாக ஒரே கம்பெனி பிராட்பேண்ட். மாதம் 999 ரூபாய், வரி தனி. எதிர் வீட்டில் போன மாதம் அதே கம்பெனியில் அதே வேகத்துக்கு 699-க்கு எடுத்திருக்கிறார்கள். கேட்டால் "அது புது கஸ்டமருக்கு மட்டும்" என்கிறார்கள். – தாம்பரம் வாசகி

300 ரூபாய் வித்தியாசம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வருஷத்துக்கு 4,248 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறீர்கள்.

இதில் எனக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு, சொல்லிவிடுகிறேன். தெருமுனை மளிகைக் கடையில் பழைய கணக்குக்காரருக்குத்தான் கொசுறு விழும். இந்தக் கம்பெனிகளிடம் எல்லாம் தலைகீழ். நேற்று வந்தவனுக்கு இன்ஸ்டலேஷன் இலவசம், முதல் மாதம் இலவசம். ஒரு நாள்கூடப் பிந்தாமல் ஏழு வருஷம் கட்டியவருக்கு வருஷா வருஷம் விலை ஏற்றம். காரணம் எளிது: நீங்கள் போகமாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆட்டோ பே போட்டுவிட்டு பில்லையே திறக்காதவர்களை நம்பித்தான் புது ஆட்களுக்கான சலுகை ஓடுகிறது. கார் இன்சூரன்ஸிலும் இதே கதைதான். வீட்டுக் கடனில் இன்னும் மோசம், கீழே ஒரு கடிதம் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஃபோனை எடுக்கும் பிள்ளைக்கு ஒரு ரூபாய் குறைக்கவும் அதிகாரம் கிடையாது. அவரிடம் கத்திப் பயனில்லை. "பிளானைக் குறைப்பீர்களா" என்று கேட்டால் முடியாது என்றுதான் சொல்வார். "இணைப்பை ரத்து செய்யணும், மோடத்தை எப்போ வந்து எடுத்துப்பீங்க?" என்று கேளுங்கள். அழைப்பு வேறு பிரிவுக்கு மாறும், அல்லது அங்கிருந்து பிறகு கூப்பிடுவார்கள். போகிறவர்களைப் பிடித்து நிறுத்துவதுதான் அந்தப் பிரிவின் வேலை. கையில் இன்னொரு கம்பெனியின் விலையை வைத்துக்கொண்டு பேசுங்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று ஒரு முறை வைத்துவிட்டால் அடுத்த அழைப்பில் இன்னும் கொஞ்சம் இறங்க வாய்ப்பு உண்டு. ஒத்துக்கொண்ட தொகை, எத்தனை மாதத்துக்கு, வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதையெல்லாம் எஸ்எம்எஸ்ஸிலோ மெயிலிலோ வாங்காமல் பேச்சை முடிக்காதீர்கள். உங்கள் பகுதிக்கு லைன் இழுக்கும் ஆளின் நம்பர் இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆனால் ஒன்று: உங்கள் தெருவுக்கு வேறு கம்பெனி வராது என்றால் இந்த மிரட்டல் வேண்டாம். எந்தத் தெருவுக்கு யார் லைன் போகிறது என்ற வரைபடம் அவர்களிடமும் இருக்கிறது.

ஏசி வாங்கியதிலிருந்து இரண்டு மாதத்துக்கு 520, 530 யூனிட் வருகிறது. கரண்ட் பில்லில் பேரம் பேச வழி உண்டா? – திருச்சி வாசகர்

கிடையாது. ஆனால் உங்கள் விஷயத்தில் மீட்டரிடமே பேரம் பேசலாம். 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டினால் இரண்டு அடி விழும். 500-க்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கிறது, தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், அந்த 100 யூனிட்டும் 4.80 ரூபாய்க் கணக்கில் வரும். அதோடு 501-வது யூனிட்டிலிருந்து விலை 8.55. கூட்டிப் பாருங்கள், அந்தக் கடைசி 30 யூனிட்டுக்கு மட்டும் 500 ரூபாய்க்குப் பக்கம் கட்டுகிறீர்கள். 60 நாளில் 30 யூனிட் என்றால் நாளுக்கு அரை யூனிட். விடியற்காலை ஒரு மணி நேரம் முன்னதாக ஏசியை அணைத்து ஃபேனைப் போட்டாலே சரியாகிவிடும். ஐம்பதாவது நாளில் போய் மீட்டரைப் பாருங்கள், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.

பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் 40 சதவீதம் குறையும் என்று ஒரு கருவி ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா? – ஈரோடு வாசகர்

வேண்டாம். நானும் வாங்கினேன், 900 ரூபாய். பிரித்துப் பார்த்தால் ஒரு சின்ன கெப்பாசிட்டர், ஒரு பச்சை விளக்கு. வீட்டு மீட்டர் நாம் உண்மையில் எரித்த யூனிட்டை மட்டும்தான் கணக்கெடுக்கிறது. கெப்பாசிட்டர் அதைத் தொடவே தொடாது. விளக்கு எரிவதற்கும் நாம்தான் பில் கட்ட வேண்டும்.

வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட், 1,800 ரூபாய். கேட்டால் "இஷ்டமில்லைன்னா காலி பண்ணு" என்கிறார். – வேளச்சேரி வாசகி

படிக்கவே வயிறு எரிகிறது. தனி இணைப்பாக இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம் போக, உங்களுக்கு 200 ரூபாய்கூட வராது. ஓனர் பக்க நியாயம் ஒன்று இருக்கலாம்: மொத்த வீடும் ஒரே இணைப்பில் ஓடினால் அவருக்கு மேல் அடுக்குக் கட்டணம் வரும். அப்படியானால் பில்லைக் காட்டட்டும். "மொத்த பில், மொத்த யூனிட், அதில் என் பங்கு, அதைத் தருகிறேன் சார்" என்று கேளுங்கள். சண்டையாக வேண்டாம், ஆனால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். உங்கள் போர்ஷனுக்குத் தனி வாசல், தனி சமையலறை இருந்தால் தனி இணைப்புக்கு அவர் விண்ணப்பிக்கலாம், செலவில் பாதி தருவதாகச் சொல்லிப் பாருங்கள். கோபத்தில் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது, வாடகை அதிகாரியிடம் போகலாம். அடுத்த வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால் "இபி தனியா?" என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு பட்டன் ஃபோன். பேச மட்டும்தான். ஆனாலும் டேட்டாவோடு சேர்ந்த ரீசார்ஜ்தான் போடுகிறோம். – நாகர்கோவில் வாசகர்

போடாதீர்கள். டேட்டா இல்லாமல், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் (தொலைபேசிக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) 2024 டிசம்பரில் விதி போட்டுவிட்டது. இப்போது மூன்று மாதத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் கிடைக்கிறது. ஆப்பின் முதல் பக்கத்தில் இருக்காது, கீழே தேடுங்கள். கடைக்காரர் "அப்படி ஒண்ணும் இல்லை" என்றால் அடுத்த கடை.

கார்டிலிருந்து மாதா மாதம் மூன்று நான்கு ஓடிடி பணம் போகிறது. எது எதற்கென்று தெரியவில்லை. எப்படி நிறுத்துவது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். – கோவை வாசகர்

உங்கள் ஸ்டேட்மெண்டை நான் எப்படிப் பார்ப்பேன்? பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் உங்கள் ஃபோனுக்கு எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வந்திருக்கும். திறந்து படியுங்கள்.

2017-ல் வாங்கிய வீட்டுக் கடன். ரெப்போ இறங்கிவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள், எனக்கு இன்னும் 9.4 சதவீதம்தான். – மதுரை வாசகர்

மேலே பிராட்பேண்டுக்குச் சொன்ன கதையின் பெரிய பதிப்பு. ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 2025 தொடக்கத்தில் 6.5 சதவீதத்தில் இருந்தது, அந்த டிசம்பரில் 5.25. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மிதவை வட்டி (ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, அதனால் அந்தக் கடன் வாங்கியவர்களுக்குச் சீக்கிரம் இறங்கியது. உங்களுடையது, வங்கி தன் செலவை வைத்துத் தானே வட்டி போடும் பழைய எம்சிஎல்ஆர் கணக்கில் கிடக்கிறது என்று நினைக்கிறேன். கிளைக்குப் போய் ரெப்போ கணக்குக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஒரு மாற்றுக் கட்டணம் கேட்பார்கள், கொடுக்கலாம், ஒரு முறைதான். இழுத்தடித்தால் வேறொரு வங்கியிடம் கடனை எடுத்துக்கொள்வதற்கான ஆஃபர் கடிதம் வாங்கி மேஜையில் வையுங்கள். மிதவை வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபரிடம் அபராதம் வாங்க முடியாது, அது மேனேஜருக்கும் தெரியும். வட்டி குறைந்ததும் இஎம்ஐயைக் குறைக்காமல், வருஷத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

"பில் பாக்கி, இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று அப்பாவுக்கு மெசேஜ். அதிலிருந்த நம்பருக்குப் பேசி, அவர்கள் சொன்ன ஆப்பை இறக்கியிருக்கிறார். 48,000 போய்விட்டது. இவ்வளவு படித்தவர் இப்படிச் செய்யலாமா? – சேலம் வாசகர்

முதலில் அவரைத் திட்டுவதை நிறுத்துங்கள். பில் கட்டத் தவறக் கூடாது என்று பயப்படும் ஒழுங்கான மனிதர்களைக் குறிவைத்தே அந்த மெசேஜ் எழுதப்படுகிறது. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், பணம் இன்னும் ஏதாவது கணக்கில் நின்றிருந்தால் முடக்க முடியும். வங்கிக்கும் இப்போதே எழுத்தில் சொல்லுங்கள், சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அந்த ஆப்பை நீக்குங்கள். வேறொரு ஃபோனிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். உண்மையில் பில் பாக்கியா என்று பார்க்க, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் நம்பர் 94987 94987. அதை அப்பாவின் ஃபோனில் பெயரோடு பதிந்து கொடுங்கள்.

சிலிண்டர் போடுகிறவர் பில்லுக்கு மேல் 70 ரூபாய் கேட்கிறார். மூன்றாவது மாடி. – பெரம்பூர் வாசகி

வீட்டு வாசல் வரை கொண்டுவரும் கூலி பில்லிலேயே சேர்ந்திருக்கிறது, மாடிக் கணக்கு எதுவும் கிடையாது. நீங்களாக விரும்பிக் கொடுத்தால் அது உங்கள் மனசு. கேட்டு வாங்கினால் ஏஜென்சியில் சொல்லுங்கள், அவர்கள் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புக் செய்யும்போதே ஆன்லைனில் கட்டிவிட்டால் வாசலில் சில்லறைப் பேச்சே வராது.