எழும்பு, எழுப்பு: பிரெஞ்சு மணியும் "சு" வினைகளும்

பாரிசுக்கு வந்து மூன்று மாதம், வகுப்பில் மணி சொல்லும் பாடத்தையும் "சு லெவே" (எழும்புவது), "சு கூஷே" (படுப்பது) மாதிரியான வினைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், வேலையிடத்தில் நேரம் சொன்னால் பிடிபடுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. ஒன்றாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆ-1 என்கிற தொடக்க மட்டத்தில் "உங்கள் ஒரு நாளைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், இந்த இரண்டும் இல்லாமல் ஒரு வசனம் நகராது.

முதலில் மணி. பிரெஞ்சில் இரண்டு கணக்கு ஓடுகிறது. கடிதம், ரயில் நிலையம், வேலை அட்டவணை எல்லாம் 24 மணிக் கணக்கு. 17:45 என்றால் "தீ-செத் ஓர் காராந்த் ஸாங்க்". வாய்ப்பேச்சில் அதே நேரம் "ஸீஸோர் முவாங் லு கார்", அதாவது ஆறுக்குக் கால் குறைவு. இங்கேதான் நம்மவர் சறுக்குவது. நாம் "ஐந்தே முக்கால்" என்று ஐந்தைப் பிடித்துச் சொல்லுவோம். அவர்கள் வரப்போகிற ஆறைப் பிடிக்கிறார்கள். காதில் "ஸீஸ்" மட்டும் விழுந்தால் கால் மணி பிந்தித்தான் போய் நிற்பீர்கள். அரை மணியில் இந்தச் சிக்கல் இல்லை: "ஸீஸோர் எ தெமி" நம்முடைய ஆறரையேதான். ஜெர்மனியில் இருக்கும் சொந்தக்காரர் "ஹால்ப் ஸீபன்" என்று ஏழைச் சொல்லி ஆறரையைக் குறிப்பார். அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

"எ கார்" (கால்), "எ தெமி" (அரை), "முவாங்" (குறைவு) மூன்றும் 12 மணிக் கணக்குக்கு உரியவை. 17-ஐச் சொன்னால் பிறகு நிமிடத்தை எண்ணாகவே சொல்லுங்கள்: "தீ-செத் ஓர் த்ராந்த்". பிரெஞ்சுக்காரரே சிலர் கலந்து பேசுவார்கள், ஆனால் பரீட்சையில் வேண்டாம்.

காதுக்குக் கஷ்டமானவை மூன்று: 2 மணி "தொஸோர்", 10 மணி "தீஸோர்", 12 மணி "தூஸோர்". நடுவில் வரும் ஸ வண்டு ரீங்காரம் போல அதிர வேண்டும். வித்தியாசம் முழுக்க முதல் உயிரில்தான் இருக்கிறது. பகல் 12-க்குப் பேச்சில் "மிதி", நள்ளிரவுக்கு "மினுயி" என்று சொல்வதால் பாதிக் குழப்பம் தீரும். 9 மணி "நொஃப் ஓர்" அல்ல, "நொவோர்". தொலைபேசியில் நேரம் சொன்னால் மற்றக் கணக்கில் திருப்பிக் கேளுங்கள். அவர் 17 என்றால் நீங்கள் "ஸாங்க் ஓர் து லாப்ரே மிதி?" பிழை இருந்தால் உடனே திருத்துவார்கள்.

இனி "சு". வகுப்பில் இதை "தன்னைத்தானே" என்று விளக்கியிருப்பார்கள். அதை நம்பி "என்னை நானே எழுப்புகிறேன்" என்று யோசித்தால் மூளை இறுகும். தமிழில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: தன்வினை, பிறவினை. எழும்பு, எழுப்பு என்று நாம் சொல்லையே மாற்றுகிறோம். பிரெஞ்சு சொல்லை மாற்றாமல் முன்னால் "சு" போடுகிறது. "ஜு ரெவேய் லே ஸாங்ஃபாங்", பிள்ளைகளை எழுப்புகிறேன். "ஜு மு ரெவேய்", நான் கண் விழிக்கிறேன். "கூஷே" படுக்க வைப்பது, "சு கூஷே" படுப்பது. சாரதி பஸ்ஸை நிறுத்துவது "ஆரெத்தே", பஸ் நிற்பது "ஸாரெத்தே". எல்லாவற்றுக்கும் பொருந்தாது: நட, ஓடு என்பவற்றுக்கு வரும் "மார்ஷே", "கூரிர்" இரண்டும் "சு" கேட்காது.

அகராதியில் "சு" என்று இருப்பதால் பலர் "ஜு சு லேவ்" என்று விடுகிறார்கள். ஆளுக்குத் தக்கபடி மாற வேண்டும்: ஜு மு (நான்), தூ து (நீ), இல் சு (அவன்), நூ நூ (நாங்கள்), வூ வூ (நீங்கள்), இல் சு (அவர்கள்). "நூ நூ லெவோங்" கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் சரி. இரண்டாவது வினை வந்தாலும் இதே விதிதான்: "ஜு வே மு கூஷே" (படுக்கப் போகிறேன்), "சு கூஷே" அல்ல. உடலுறுப்புக்கு "என்" வேண்டாம்: "ஜு மு லாவ் லே மாங்", கை கழுவுகிறேன், யாருடைய கை என்பதை "மு" சொல்லிவிட்டது.

இறந்த காலத்தில் துணைவினை "ஆவுவார்" (உடைத்தாயிரு) அல்ல, "எத்ர்" (இரு). "ஜு மு ஸுயி லெவே ஆ ஸீஸோர்", ஆறு மணிக்கு எழும்பினேன். இதில் ஒரு சொல்லை மட்டும் கவனமாகப் பிடியுங்கள். வேலையில் பிழை விட்டால் "ஜு மு ஸுயி த்ரோம்பே". "மு" விட்டு "ஜே த்ரோம்பே" என்றால் யாரையோ ஏமாற்றிவிட்டேன் என்றுதான் மேலாளருக்குக் கேட்கும்.

கட்டளையில் "து", "வூ" என்கிற இந்தச் சொல் வினைக்குப் பின்னால் போய்விடும், "து" என்பது "துவா" ஆகும். சமையலறையில் "தெபெஷ் துவா!" என்றால் கெதியாகச் செய் என்று அர்த்தம். அலுவலகத்தில் "அஸெயே வூ" என்றால் இருங்கள், அதாவது உட்காருங்கள். ஆனால் "வேண்டாம்" என்று மறுக்கும்போது பழையபடி முன்னால் வரும்: "ந வூ ஸாங்கியெத்தே பா", கவலைப்படாதேங்கோ.