போஹோ பாணியில் ஒரு பிக்னிக்: வட சென்னையில், வெட்டவெளியில் எப்படி அமைப்பது?

கேள்வி இதுதான்: அக்காவின் பிறந்தநாளுக்கு எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி, இன்ஸ்டாகிராமில் பார்க்கிற போஹோ பிக்னிக் ஒன்றை, அதாவது தரையில் துணியும் திண்டும் அடுக்கி நாடோடிக் கூடாரம் மாதிரி அலங்கரிக்கிற பிக்னிக்கை, அமைக்க வேண்டும். வீடு ராயபுரம் பக்கம். செட் போட்டுத் தருகிறவர்கள் கேட்கிற தொகை கட்டுப்படியாகவில்லை. நாமே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். நான் தண்டையார்பேட்டைக்காரி. எங்கள் வீட்டில் வளைகாப்பு, பிறந்தநாள் என்று எது வந்தாலும் விரிப்பும் அலங்காரமும் என் பொறுப்புதான். அதில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பாணியில் முக்கால்வாசி வேலை தரையில் விரிக்கிற துணியில் முடிந்துவிடும். கூடாரம், விளக்கு, பூ எல்லாம் அதற்கு அப்புறம்தான். படங்களில் முதலில் கண்ணில் படுவது கூடாரமும் பஞ்சு மாதிரி கதிருள்ள காய்ந்த பம்பாஸ் புல்லும். அதிலேயே காசைக் கொட்டிவிட்டுக் கீழே ஒரு மெல்லிய பெட்ஷீட்டை விரித்தால், அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

துணி விஷயத்தில் நம் பக்கத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் திருவொற்றியூர்க் காலடிப்பேட்டை. மெட்ராஸிலிருந்து கப்பலேறிப் போன கட்டம் போட்ட துணியை நைஜீரியாவின் கலபாரி மக்கள் தங்கள் சடங்குகளுக்கு உடுத்துகிறார்கள். போஹோ என்ற பெயரில் உலகமெங்கும் விற்கிற கலம்காரி, பிளாக் பிரிண்ட், கட்டம் எல்லாமே இங்கே நம் வீட்டு பீரோவில் இருப்பவை. அதனால் ஆன்லைனில் 'போஹோ விரிப்பு' என்று தேடுவதற்கு முன்னால் அம்மாவின் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

அடுக்குகிற முறை இப்படி. மணலோ புல்லோ, எதுவானாலும் முதலில் தார்ப்பாய். மேலே காய்ந்து கிடக்கிற மணல் கையளவு தோண்டினால் ஈரமாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் அந்த ஈரம் துணியில் ஏறிவிடும். தார்ப்பாய் மேல் கோரைப் பாய். அதன் மேல் பவானி ஜமக்காளம், பருத்தியில் நெய்ததாகப் பாருங்கள். செயற்கை இழை கலந்தது பார்க்கப் பளபளவென்று இருக்கும், உட்கார்ந்தால் வழுக்கும், சூடும் ஏறும். எட்டுப் பேருக்குப் பன்னிரண்டடிக்கு எட்டடி இடம் வேண்டும், அதாவது ஆறுக்கு எட்டு ஜமக்காளம் இரண்டு பக்கம் பக்கமாக. இவ்வளவையும் நேர்கோட்டில் விரிக்கலாம். ஆனால் மேலே போடுகிற கடைசித் துணியை, ஒரு பழைய சுங்குடியையோ கட்டம் போட்ட லுங்கியையோ, கொஞ்சம் சாய்த்துப் போடுங்கள். கல்யாணப் பந்தி மாதிரி ஒழுங்காகத் தெரிகிற இடம் அந்த ஒரு சாய்வில் வீட்டுத் திண்ணை போல இளகிவிடும்.

நிறத்தில் ஒரு கட்டுப்பாடு தேவை. பவானி ஜமக்காளத்திலேயே சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாகப் போதுமான சத்தம் இருக்கிறது. அதன் மேல் இன்னும் எட்டு நிறம் சேர்த்தால் கண் எங்கேயும் நிற்காது. ஒரே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து மூன்று இடத்தில் திரும்ப வரச் செய்யுங்கள். என் தேர்வு மாம்பழ மஞ்சள்: ஒரு திண்டு உறை, சாமந்தி, எலுமிச்சை போட்ட தண்ணீர்க் கூஜா. மீதியெல்லாம் வெளுத்த வெள்ளை, காவி, பாயின் நிறம். சாட்டின், ஜிகினா, பலூன் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். பருத்திக்கும் பித்தளைக்கும் நடுவில் பளபளக்கிற பலூன் வந்தால் அது ஹால் வாடகைக்கு எடுத்த பிறந்தநாள் ஆகிவிடும்.

உறை தைக்கத் துணி வேண்டுமென்றால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கட் பீஸ் வாங்கலாம். மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனை கோடவுன் தெரு. திண்டு இல்லாதவர்கள் புது மெத்தை வாங்க வேண்டாம். வீட்டிலுள்ள தலையணை இரண்டை ஒன்றாகச் சேர்த்து ஒரே உறைக்குள் திணித்தால் முதுகுக்கு நன்றாகத் தாங்கும்.

நடுவில் தாழ்வான மேசை. பழக்கடைகளில் கிடைக்கிற பிளாஸ்டிக் கிரேட் நான்கைக் கவிழ்த்து, மேலே ஆறடிக்கு ஒன்றரையடி பிளைவுட் பலகை. தரையிலிருந்து ஒரு அடி உயரம் போதும், சம்மணம் போட்டவர்களின் முட்டி இடிக்காது. பக்கத்துக்கு மூன்று பேர், இரண்டு முனையிலும் ஒவ்வொருவர். பலகை தெரியாதபடி லுங்கித் துணி.

இப்போது இடம். முதன்முறை செய்கிறீர்கள் என்றால் நான் மொட்டை மாடியைத்தான் சொல்வேன். தண்ணீர், கழிப்பறை, சாமான் தூக்குகிற வேலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். கொடிக் கம்பங்களே பந்தல் கால். வெயில் குடித்த சிமென்ட் தரை ராத்திரி எட்டு மணிவரை அனல் விடும் என்பதால் நாலு மணிக்கே இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, நன்றாகக் காய்ந்ததும் விரியுங்கள். பூங்கா என்றால் பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவில் புல்தரை உண்டு. எந்தப் பூங்காவானாலும் விரித்து உட்கார்ந்து சாப்பிடவும் விளக்கு ஏற்றவும் விடுவார்களா என்று முந்தைய நாளே போய்க் கேட்டுவிடுங்கள்.

கடற்கரைதான் வேண்டும் என்றால், மெரினா போல அகலமான மணல் நமக்கில்லை. துறைமுகம் கட்டியதில் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடல் அரித்தது. அதனால்தான் ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். திருவொற்றியூர்ப் பக்கம் கல் தடுப்புகளுக்கு இடையில் சில இடங்களில் மணல் திட்டு இருக்கும். மீனவர்கள் வலை காய வைக்கிற, படகு ஏற்றுகிற இடமாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது அவர்கள் வேலை செய்கிற இடம். உட்காரும் முன் அங்கிருப்பவர்களிடம், "அண்ணே, இங்க கொஞ்ச நேரம் உக்காரலாமா?" என்று கேளுங்கள். தண்ணீர் எதுவரை ஏறும் என்பதை அவர்களைவிட யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். குளிக்க இறங்க வேண்டாம், அந்தக் கடல் இழுக்கும்.

நேரத்தைச் சரியாகப் பிடித்தால் இந்தக் கரை உங்களுக்குப் பாதி அலங்காரத்தைச் செய்து கொடுத்துவிடும். வெயில் முதுகுப் பக்கம், ஊருக்குப் பின்னால் இறங்கும், கடல் கிழக்கே. பௌர்ணமியன்று சூரியன் மறைவதை ஒட்டி நிலா நேராகக் கடலிலிருந்தே எழும்பும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு பௌர்ணமியைப் பாருங்கள், வியர்வையும் இருக்காது. ஆனால் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் தண்ணீர் வழக்கத்தைவிட மேலே ஏறும், விரிப்பை இன்னும் பத்தடி தள்ளிப் போடுங்கள்.

காற்றுக்குத் தனியாக யோசிக்க வேண்டும். புடவையைக் கட்டிப் பந்தல் போட்டால் அது பாய்மரம் மாதிரி இழுக்கும். மூங்கிலை மணலில் வெறுமனே நட்டால் நிற்காது. ஒவ்வொரு மூங்கிலிலும் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை மணல் நிரப்பிய அரிசிப் பையில் முடிந்து, அந்தப் பையை ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். துணியை நாலு பக்கமும் மூடாமல் காற்று போக வழி விடுங்கள். மெழுகுவர்த்தி இங்கே எரியாது. அரிக்கேன் விளக்கு இரண்டும், கண்ணாடிப் பாட்டிலுக்குள் சுருட்டிப் போட்ட பேட்டரி சீரியல் லைட்டும் போதும்.

பூவுக்கு பாரிமுனை பத்ரியன் தெரு. ரோஜா வேண்டாம், உப்புக் காற்றில் வாடிவிடும். சாமந்தி, கோழிக்கொண்டை, ஒரு கட்டு மரிக்கொழுந்து. மரிக்கொழுந்தைத் திண்டு ஓரத்தில் செருகி வையுங்கள், சாய்கிறபோதெல்லாம் வாசனை வரும்.

சாப்பாட்டில் குழம்பே வேண்டாம். என் முதல் ஓட்டு பர்மா நூடுல்ஸான அத்தோவுக்கு. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் கொண்டு வந்த சாப்பாடு. பீச் ஸ்டேஷன் எதிரிலும் வியாசர்பாடியிலும் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுவென்று பொரித்தது) எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, அங்கேயே ஒருவர் பிசைந்து கொடுக்கட்டும். வரிசையாக வைத்த அந்தக் கிண்ணங்களே மேசைக்கு அலங்காரம். கூட வறுத்த நெத்திலி, வேகவைத்த முட்டை, சுண்டல். தட்டுக்குப் பாக்குமட்டை, தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர். ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்ட்ரா எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. குப்பைக்கு ஒரு சாக்குப் பை கட்டாயம் எடுத்துப் போங்கள். காக்காய்க்கும் நாய்க்கும் பயந்து, பரிமாறுகிறவரை எல்லாவற்றையும் டிபன் கேரியரிலேயே வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஜமக்காளத்தை நேராகத் தண்ணீரில் போட வேண்டாம். முதலில் கொடியில் போட்டு மணல் உதிரும்வரை தட்டுங்கள். அப்புறம் தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப் போடுங்கள். புதுசாக இருந்தால் சாயம் போகும், வெள்ளைத் துணி எதையும் கூடச் சேர்க்காதீர்கள்.