நோட்டீஸ் வந்துவிட்டதா? மே 15 வரை சும்மா இருக்காதீர்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. டாலஸ் பக்கத்தில் புதிதாகக் கட்டிய வீட்டில் போன வருடம் ஆகஸ்டில் குடிவந்தோம். 2,950 சதுர அடி. போன வருட வீட்டு வரி ரொம்பக் குறைவாக வந்ததால் நிம்மதியாக இருந்தோம். வரிக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடும் மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து இப்போது வந்த நோட்டீஸில் எங்கள் வீட்டின் மதிப்பு 640,000 டாலர் என்று இருக்கிறது. இதே தெருவில் இதே பில்டர் கட்டிய வீடுகளுக்கு இவ்வளவு இல்லை. ப்ரொடெஸ்ட் செய்யலாம், அதாவது மதிப்பு அதிகம் என்று ஆட்சேபிக்கலாம் என்றால், "நாம் எச்-1பி-யில் இருக்கிறோம், க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், அரசாங்கத்தோடு எதற்கு வம்பு" என்கிறார் என் கணவர். தோற்றால் மதிப்பை இன்னும் ஏற்றிவிடுவார்கள் என்று நண்பர் ஒருவரும் பயமுறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, இது வம்பும் இல்லை, கோர்ட் வழக்கும் இல்லை. ப்ரொடெஸ்ட் செய்வது எப்படி என்று அந்த நோட்டீஸோடு அவர்களே எழுதி அனுப்பியிருப்பார்கள், பாருங்கள். குடியேற்றத் துறைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நண்பர் சொல்வதும் சரியல்ல. டெக்சஸில் 2019-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ப்ரொடெஸ்டைக் கேட்கும் விசாரணைக் குழு நோட்டீஸில் உள்ள மதிப்பைக் குறைக்கலாம் அல்லது அப்படியே விடலாம். கூட்ட முடியாது.

போன வருட வரி ஏன் குறைவு என்று புரிந்துகொள்ளுங்கள். இங்கே ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1 அன்று வீடு எந்த நிலையில் இருந்ததோ, அதற்குத்தான் மதிப்பு. போன ஜனவரியில் உங்கள் இடத்தில் வெறும் மனையோ அரைகுறைக் கட்டடமோதான் நின்றிருக்கும். இந்த வருடம்தான் முழு வீட்டுக்கும் கணக்கு. மார்ட்கேஜ் கம்பெனி பழைய வரியை வைத்து எஸ்க்ரோ (வரிக்காக மாதத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் பணம்) பிடித்துக்கொண்டிருந்தால், அடுத்த மறுகணக்கில் மாதத் தவணை தூக்கிவாரிப் போடும். அதற்கு இப்போதே கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.

அதனால்தான் இந்த ஒரு வருடத்தை விடாதீர்கள் என்கிறேன். ஹோம்ஸ்டெட் சலுகை (சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்கான வரிச் சலுகை) வாங்கிய வீட்டுக்கு, வரி போடும் மதிப்பை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று உச்சவரம்பு உண்டு. ஆனால் புதிதாகக் கட்டிய பகுதிக்கு முதல் தடவை அது பொருந்தாது. உங்களுக்கு அடுத்த வருடத்திலிருந்துதான் முழுதாகக் கைகொடுக்கும். அந்த 10 சதவீதம் எதன் மேல் ஏறும்? இந்த வருடம் நிலைக்கும் எண்ணின் மேல். இப்போது குறைத்தால் வரும் வருடங்களிலும் அதன் பலன் வரும். முதல் வருடம் சும்மா இருந்துவிட்டு நாலாவது வருடம் ஓடி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கடைசி நாள் மே 15. நோட்டீஸ் தாமதமாக அனுப்பப்பட்டிருந்தால், அனுப்பியதிலிருந்து 30 நாள். இரண்டில் எது பின்னால் வருகிறதோ அது. ஆன்லைனில் பத்து நிமிட வேலை. காரணம் கேட்கும் இடத்தில் "சந்தை மதிப்பைவிட அதிகம்" என்பதையும், "மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை" என்பதையும், இரண்டையுமே டிக் செய்யுங்கள். பலர் முதலாவதை மட்டும் டிக் செய்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உங்களுக்கு உதவப்போவது இரண்டாவதுதான்.

எப்படி என்றால், இந்த மாநிலத்தில் விற்ற விலையை அரசுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று உறுதியாகக் காட்டுவது கஷ்டம். ஆனால் பக்கத்து வீட்டுக்கு அலுவலகம் போட்ட மதிப்பு அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். அதே பில்டர், ஏறக்குறைய அதே அளவு, அதே வயது என ஐந்து வீடுகளை எடுத்து, மதிப்பைச் சதுர அடியால் வகுத்துப் பாருங்கள். உங்களுக்குச் சதுர அடிக்கு 217 டாலர் வருகிறது. மற்றவை 198, 201, 203, 206, 209 என்று வந்தால் நடுவில் நிற்பது 203. சட்டம் பார்ப்பது சராசரியை அல்ல, இந்த நடு எண்ணை. 203-ஐ 2,950-ஆல் பெருக்கினால் 598,850. அதாவது 41,150 டாலர் குறையக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. மொத்த வரி விகிதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 823 டாலர். நீச்சல் குளம், மூன்று கார் கராஜ் மாதிரி வித்தியாசம் இருந்தால் அதையும் கழித்துக் கூட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

அவர்கள் உங்களுக்கு எதிராக வைக்கப்போகும் ஆதாரங்களையும் எழுதிக் கேளுங்கள். விசாரணைக்கு 14 நாள் முன்பே தர வேண்டும். கேட்டும் தராததை விசாரணையில் பயன்படுத்த முடியாது.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். ஒரு வருடம் மதிப்பு திடீரென்று ஏறியது. பதிவை எடுத்துப் பார்த்தால், பக்கத்து வீட்டு நீச்சல் குளத்தை என் பெயரில் ஏற்றி வைத்திருந்தார்கள். அதோடு, எங்கள் பக்கத்துக் களிமண் கோடையில் சுருங்கி, மழைக்கு உப்பி, அடித்தளத்தை அசைத்துவிட்டிருந்தது. படுக்கையறைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு மூடாது. சுவர் விரிசலில் ஒரு கால் டாலர் நாணயத்தைச் செருகி நிற்கவைத்துப் படம் எடுத்தேன். பழுது பார்க்க இரண்டு கம்பெனிகளிடம் எழுத்தில் விலை வாங்கினேன்.

விசாரணை அன்று மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதிகாரிகள் இல்லை, நம்மைப் போல ஊரில் குடியிருப்பவர்கள். உண்மையே சொல்வேன் என்று கை தூக்கச் சொன்னார்கள். பதினைந்து நிமிடம். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. வயதான ஓர் அம்மா மட்டும் அந்த நாணயப் படத்தைத் திரும்ப வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இந்தக் கதவு எவ்வளவு நாளாக மூடவில்லை?" என்று கேட்டார். அன்றைக்கு 38,000 டாலர் குறைந்தது. என் வீட்டுக்குள் யாரும் வந்து பார்த்து மதிப்புப் போடவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொன்னால்தானே தெரியும்?

உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாமலும் முடியலாம். விசாரணைக்கு முன்பே அலுவலக மதிப்பீட்டாளர் போனிலோ ஆன்லைனிலோ ஓர் எண் சொல்வார். ஏற்றுக் கையெழுத்துப் போட்டால் இந்த வருடம் அதோடு சரி. கணக்குக்குப் பக்கத்தில் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ரொம்பத் தள்ளி இருந்தால் மரியாதையாக மறுத்துவிட்டு விசாரணைக்குப் போங்கள். ஒன்று மட்டும்: வாங்கிய விலையைக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். பிரமாணம் பிரமாணம்தான்.

கேள்வி: எனக்கு 66 வயது. மகன் பெயரில் உள்ள வீட்டில் இருக்கிறேன். முதியோர் சலுகை கிடைக்குமா?

பதில்: அந்தச் சலுகை வீட்டின் உரிமையாளருக்குத்தான். பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால் கிடைக்காது. பெயர் இருந்து, அங்கேயே குடியிருந்தால் பலன் பெரிது. 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு பள்ளி வரிக்கு (வீட்டு வரியில் பள்ளிகளுக்குப் போகும் பகுதி) கணக்கிடும் மதிப்பில், ஹோம்ஸ்டெட் சலுகை உள்ள எல்லோருக்கும் 140,000 டாலர் கழிவு, 65 தாண்டியவருக்கு மேலும் 60,000. 65 தாண்டியவருக்குப் பள்ளி வரித் தொகையும் மேலே ஏறாமல் நின்றுவிடும். ஆனால் இதற்காக மட்டும் அவசரப்பட்டுப் பத்திரத்தை மாற்றாதீர்கள் ஐயா. மார்ட்கேஜ், வாரிசு விஷயங்களை ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: ஹோம்ஸ்டெட் பதிவு செய்து தருவதாகப் பணம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அரசு முத்திரை மாதிரி இருக்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். 50-114 என்ற படிவம், வீட்டு முகவரி போட்ட டிரைவிங் லைசென்ஸ் நகல், இரண்டையும் உங்கள் மதிப்பீட்டு அலுவலகத்துக்கு நீங்களே அனுப்பலாம். ஒரு பைசா கிடையாது. வீடு வாங்கிய வருடத்தில் மறந்துவிட்டீர்கள் என்றாலும் அந்த வருட வரி பாக்கியாகும் தேதியிலிருந்து இரண்டு வருடம் வரை விண்ணப்பித்து, கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கலாம்.